உப்பில்லாத வீட்டில் ஒரு நாய்

2020 ஜூன் மாதம் எங்கள் வீட்டில் ஒரு பட்டியல் போட்டார்கள். நான் அப்போது வேலைபார்த்த கல்லூரி ஏப்ரலில் இருந்தே பாதிச் சம்பளம்தான் கொடுத்துவந்தது. கணவரின் கடை திறந்தும் திறக்காமலும் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து கணவர், கொழுந்தன், மாமியார், நான் நான்கு பேரும் உட்கார்ந்து எதையெல்லாம் நிறுத்தலாம் என்று பேசினோம். பேசினோம் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. அவர்கள் சொன்னார்கள். மகளின் பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதினேன். முதல் வரி: நாய்.

கேபிள் இரண்டாவது. பத்திரிகை மூன்றாவது.

பூச்சிக்கு (அதுதான் அவள் பெயர்) மாதம் 600 ரூபாய்க்கு மேல் நான் செலவழித்ததில்லை. ரேஷன் அரிசியில் கஞ்சி, பிராய்லர் கடையில் பத்து ரூபாய்க்கு அள்ளித் தரும் கோழிக்கால், என்றைக்காவது ஒரு முட்டை. உண்ணிக்கு வேப்பெண்ணெய். இதை எடுத்துச் சொன்னேன். "அறுநூறு அறுநூறுதானே" என்றார் கணவர். சரி, எங்கே கொண்டுபோய் விடுவது என்று கேட்டேன். "சுருளிப்பக்கம் தோப்புல விட்டா அது பாட்டுக்குப் பொழச்சுக்கும் மதினி" என்றார் கொழுந்தன்.

இந்தக் கொழுந்தனுக்கு ஒரு காளை இருக்கிறது. சல்லிக்கட்டுக் காளை. சின்னமனூர் பக்கம் அய்யம்பட்டிக்கும் பல்லவராயன்பட்டிக்கும் கொண்டுபோய் அவிழ்த்துவிடுவார். பருத்திக்கொட்டை, உளுந்தம்பொட்டு, கோதுமைத் தவிடு, கடலைப் புண்ணாக்கு. மார்கழி பிறந்தால் பேரீச்சம்பழமும் நாட்டுக்கோழி முட்டையும் சேரும். நடை பழக்க ஒரு ஆள், நீச்சலுக்குக் கூட்டிப்போக ஒரு ஆள். பூச்சியின் செலவைப் பத்தால் பெருக்கினாலும் அதன் பாதி வருமா என்பது சந்தேகம். அந்தக் காளை உழுவதில்லை, வண்டி இழுப்பதில்லை. வருடத்துக்கு மூன்று முறை வாடிவாசலைத் தாண்டும். அன்றைய பட்டியலில் காளை இல்லை. யாரும் மறந்துவிடவில்லை. எங்கள் தலைக்கு மேலே சுவரில் சட்டம் போட்ட படத்தில் நெற்றித் திலகத்தோடு அது நின்றுகொண்டிருந்தது.

காளையை விற்கச் சொல்லி இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அந்தக் காளை என்னிடம் வாங்கித் தின்ற வாழைப்பழத் தோலுக்குக் கணக்கில்லை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடைசெய்ததில் இருந்து 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடும்வரை இரண்டரை வருடத்துக்கு மேல் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ குடும்பங்கள் அவிழ்க்க வழியில்லாத காளைகளுக்குத் தீனி போட்டன. அதைத் தியாகம் என்றோம், இன உணர்வு என்றோம். 2023 மே 18 அன்று தீர்ப்பு சாதகமாக வந்தபோது பட்டாசு வெடித்தோம். கஷ்ட காலத்தில் ஒரு உயிரைக் கைவிடாமல் வைத்திருப்பது பெருமைக்குரிய காரியம் என்பது இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெருமை எந்த உயிருக்குப் பொருந்தும், யார் வைத்திருந்தால் பொருந்தும் என்பதில்தான் என் வழக்கு.

அந்தக் காளைக்கு விடிகாலை நாலரைக்குத் தண்ணி காட்டுவது யார்? என் மாமியார். சாணி அள்ளுவது அவர். வயிறு உப்பிக் கிடந்த ராத்திரி கண் விழித்தது அவர். ஒலிபெருக்கியில் வாசிக்கும் பெயர் கொழுந்தனுடையது. பட்டுத்துண்டும் அண்டாவும் அவர் கைக்கு வரும். அண்டா மட்டும் பிறகு அடுப்படிக்கு வரும்.

கோம்பை கதையும் இதேதான். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கோம்பையின் பெயரில் ஒரு நாட்டுநாய் இனம் இருப்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தன் மனதின் குரல் உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோடு கோம்பையின் பெயரையும் சொல்லி, வீட்டில் நாய் வளர்க்க நினைப்பவர்கள் இந்திய இனங்களை வளர்க்கவேண்டும் என்றார். ஊரே கொண்டாடியது. எங்கள் வாட்ஸப் குழுவில் வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன நாய் என்று ஆண்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்த ஆகஸ்ட்டில் கோம்பையிலும் கம்பத்திலும் கூடலூரிலும் ஏலத்தோட்டக் கூலிப் பெண்கள் ஐந்து மாதமாக வழக்கமான வேலை இல்லாமல் இருந்தார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணைகளில் கிடந்த நாய்களுக்கு இனம் கிடையாது. அதனால் அவை பாரம்பரியத்தில் சேரவில்லை, செலவில் சேர்ந்தன.

பூச்சிக்கும் இனம் கிடையாது. சந்தைக்குப் பின்னால் ஒரு உரச்சாக்கில் ஐந்து குட்டிகளாகக் கிடந்தவற்றில் ஒன்று. ஐந்தும் பொட்டைக்குட்டி. கடுவன் குட்டிகளைத் தாயிடமிருந்து ஆள் ஆளுக்குத் தூக்கிப் போயிருப்பார்கள். "பொட்டையா, வேண்டாம்" என்ற சொல் இந்த மண்ணில் நாய்க்குட்டிகளோடு மட்டும் நின்ற சொல் அல்ல. 2001-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தேனி மாவட்டத்துக்கும் வந்ததே, அந்தத் தொட்டில் எதற்காக வந்தது என்று தெரிந்தவர்கள் இதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். ஏலத்தோட்ட வேலை. காலை ஐந்து மணிக்கெல்லாம் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கிக்குப் போய், பொழுது சாயத் திரும்புகிற ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருவர். 2019 ஆகஸ்ட்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்தக் காயைப் பறித்த விரல்களுக்கு அதே தினக்கூலிதான். 2020 மார்ச் 25-க்குப் பிறகு அந்தக் கூலியும் இல்லை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்று வழியும் அடைத்தாயிற்று. அக்காவிடம் நான்கு ஆடுகளும் செவலை என்று ஒரு நாயும் இருந்தன.

முதல் ஆடு ஏப்ரலில் போனது, குழுக்கடன் தவணைக்கு. தவணையைத் தள்ளிக் கட்டலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது உண்மைதான். வாசலில் வந்து நிற்கிறவருக்கு அது தெரியாததுபோல் இருந்தது. இரண்டாவது ஆடு மகனின் போனுக்கு, ஆன்லைன் வகுப்பு. மூன்றாவது ஆட்டை விற்றது அக்கா இல்லை. 2020 மே 7 அன்று டாஸ்மாக் திறந்தார்கள், மறுநாளே நீதிமன்றம் மூடச் சொன்னது, மே 16-ல் மறுபடி திறந்தது. அந்த இரண்டாவது திறப்புக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவில் ஒரு நாள் அக்கா ரேஷன் கடையில் நின்றபோது ஆடு போய்விட்டது.

அதே வாரம் அவர் வீட்டிலும் சிக்கனப் பேச்சு வந்திருக்கிறது. குவாட்டர் பாட்டில் பேச்சில் வரவில்லை. வந்தது நாய். "மனுசனுக்கே கஞ்சியில்ல, நாய்க்கு என்ன கஞ்சி" என்று சொல்லிவிட்டு, சொன்னதோடு நிற்காமல், செவலையைச் சாக்கில் கட்டி வண்டியில் வைத்துச் சுருளிப்பட்டி தாண்டித் தென்னந்தோப்பில் விட்டுவிட்டு வந்தார் அவர் கணவர். பஸ் கிடையாது. அக்கா நடந்தார். போய்த் திரும்ப அரை நாளுக்கு மேல் ஆயிற்று. போலீஸ் நிறுத்தியபோது ஆடு மாற்றிக் கொண்டுவரப் போவதாகச் சொன்னாராம். தேடிப்பிடித்துச் சேலைக் கிழிசலில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவர் எங்கள் வாசலில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை நாய்க்கும் தனக்குமாகக் குடித்தார்.

"ஒரு வேளைக் கஞ்சிக்காகவா அக்கா இத்தனை சண்டை?" என்று கேட்டேன். படித்தவள் கேட்கிற கேள்வி.

"கஞ்சிக்கு இல்ல டீச்சர். அவரு கையை ஓங்குனா இது உறுமும். ஒருக்கா கெண்டைக்கால்ல பிடிச்சிருச்சு. அதுக்குத்தேன்."

அதன்பிறகு எந்த வீட்டில் எந்த ஆண் சிக்கனம் என்று சொன்னாலும், அவர் எந்த உறுமலை நிறுத்தப் பார்க்கிறார் என்றுதான் முதலில் யோசிக்கிறேன். எல்லா வீட்டிலும் அடி இருக்கிறது என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கை ஓங்குவது கிடையாது. ஆனால் பூச்சி நான் வீட்டுக்குள் வந்தால் எழுந்து வருகிற ஒரே உயிர். ராத்திரி பதினொரு மணிக்கு நான் எழுத உட்கார்ந்தால் காலடியில் படுத்திருக்கும். அதற்கு என்னிடம் காபி கேட்கத் தெரியாது. இதெல்லாம் கணவருக்குத் தெரியும். பட்டியலில் முதல் வரியாக அது வந்ததற்கு 600 ரூபாய் மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை.

தமிழ் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் ஒரு பழைய அடுப்படியைப் பற்றிச் சொல்லவேண்டும். சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனைப் பார்த்துப் பரிசு வாங்குவதற்கு முந்தைய தன் வீட்டை ஒரு பாணன் சொல்கிறான். கூரை இற்றுக் கிடக்கிறது, சுவரைக் கறையான் அரித்து அங்கே காளான் பூத்திருக்கிறது. அந்த அடுப்படியில் அப்போதுதான் ஈன்ற ஒரு நாய். கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத மடியை இழுக்க, தாங்கமுடியாமல் குரைக்கிறது. பசியில் மெலிந்த அவன் மனைவி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். புறம் பேசுகிறவர்கள் பார்த்துவிடக்கூடாது என்று கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள்.

இருபது வருடமாக இந்தப் பகுதியை நடத்தியிருக்கிறேன். வறுமையின் உச்சம் என்பேன். நாயின் வற்றிய மடி அந்த வறுமைக்கு உவமைபோல நிற்கிறது என்பேன். மாணவிகள் எழுதிக்கொள்வார்கள். உப்பு வாங்க வழியில்லாத வீட்டில் சினையாக இருந்த ஒரு நாய் எப்படி ஈனும்வரை தங்கியது என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தெருவில் அல்ல, திண்ணையில் அல்ல, அடுப்படியில் ஈன்றிருக்கிறது. அடுப்படி யாருடையது? ஒரு பொட்டைநாய் எந்த இடத்தில் குட்டி போடும் என்று நாய் வளர்த்தவர்களைக் கேளுங்கள். விரட்டமாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில் போடும். அந்தப் பெண் அதை விரட்டவில்லை. நத்தத்தனார் அதைச் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவை அவருக்கு இல்லை. உரை சொன்ன எனக்கு இருந்தது. அவள் கதவை அடைத்ததும் எனக்கு இப்போது வேறாகத் தெரிகிறது. உப்பில்லாக் கீரையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அடுத்து என்ன கேட்டிருப்பார்கள்? "இந்த நெலமையில நாய் ஒரு கேடா?" என்றுதான்.

நான் பூச்சியை அனுப்பவில்லை. பட்டியலில் இருந்து அந்த வரியை அடித்துவிட்டு அதற்கு ஈடாக வேறு எதையோ எழுதவேண்டியிருந்தது. எழுதாமலே குறைத்தேன். பால்காபி வரக்காபியானது, எனக்கு மட்டும். முட்டைக் குழம்பு வைக்கிற நாளில் எனக்கு முட்டை பிடிக்காமல் போனது. நாப்கின் துணியானது. தைராய்டு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன். நான்கு மாதம் கழித்துத் தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தபோதுதான் மருத்துவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டினார். யாருக்காக என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாய் என்று சொல்ல வெட்கப்பட்டிருப்பேன். பிள்ளைக்கு என்று பொய் சொல்லியிருப்பேன்.

இதைத் தாய்மை என்று யாராவது பாராட்ட வந்தால் தயவுசெய்து வராதீர்கள். வாயில்லாச் சீவனுக்காக வயிற்றைக் கட்டினாள் என்று கவிதை எழுத நானே போதும், எழுதியும் தொலைத்திருக்கிறேன், தொகுப்பில் சேர்க்கவில்லை. வீட்டுச் செலவைக் குறைத்தோம் என்று சொல்கிறோமே, வீடு எங்கே குறைந்தது? கொழுந்தன் குறையவில்லை. காளை குறையவில்லை. கணவரின் சிகரெட் பாக்கெட்டில் இருந்து சில்லறைக்கு மாறியது, எண்ணிக்கை மாறவில்லை. குறைந்தது ஒரு உடம்பு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அந்தக் கணக்கெடுப்பு வீட்டில் யாருக்கு முட்டை பிடிக்காது என்று கேட்பதில்லை. நான் செய்தது அன்பாக இருக்கலாம், அதே நேரம் அது கள்ளக்கணக்கு. நாயின் செலவை என் உடம்பில் மறைத்து எழுதினேன். மறைத்ததால்தான் வீட்டில் எல்லோரும் இன்றுவரை "நாய்க்குப் பெருசா ஒண்ணும் செலவில்ல" என்று நம்புகிறார்கள்.

தோழிகள் சிலருக்கே இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. பெண்களுக்கே சோறு இல்லாத இடத்தில் நாயைப் பற்றிப் பேசுவது நடுத்தர வர்க்கச் சொகுசு என்றார்கள். ஒரு கூட்டத்தில் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். சுருளிப்பட்டி வரை நடந்த அக்கா எந்த வர்க்கம் என்று பதிலுக்குக் கேட்டேன். கொஞ்சம் கத்திவிட்டேன், அதற்கு வருத்தம் உண்டு. ஏழைப் பெண்ணுக்குச் சோறு மட்டும்தான் தேவை, தனக்கென்று ஒரு உயிரை வைத்துக்கொள்ளும் ஆசை வயிறு நிறைந்தவர்களுக்கு உரியது என்ற எண்ணத்தைப் பெண்ணியம் என்ற பெயரில் கேட்பது எனக்குத் தாங்கவில்லை. அந்த அக்கா ஆட்டை விற்பார். ஆடு சொத்து, விற்பதற்காகவே வளர்ப்பது, அதில் அவருக்குக் குழப்பம் இல்லை. செவலையை விற்கமுடியாது, வாங்க ஆள் இல்லை. விற்கமுடியாத ஒன்றை வைத்திருக்கும் உரிமையைத்தான் அவர் நடந்துபோய் மீட்டுவந்தார்.

அரசாங்கத்தின் கணக்கிலும் இதே பாகுபாடு உண்டு. மாட்டுத் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் ஜிஎஸ்டி இல்லை. கடையில் பொட்டலமாக விற்கும் நாய் உணவுக்கும் பூனை உணவுக்கும் 18 சதவீதம். அந்தப் பொட்டலத்தை நானும் வாங்கியதில்லை, பின்தெரு அக்கா பார்த்தே இருக்கமாட்டார். ஆனால் பலன் தருகிற உயிர் தேவை, கூட இருக்கிற உயிர் ஆடம்பரம் என்று எழுதிவைத்திருக்கிறது அல்லவா? 2020-ல் தேனிக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது, நல்ல விஷயம். கம்பத்தில் இருந்து தேனி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 2021 மே மாதத்தில் இருந்து நகரப் பேருந்தில் எனக்குக் கட்டணம் கிடையாது, என் நாய்க்கு இடமே கிடையாது. பூச்சிக்குக் கருப்பை எடுக்கும் அறுவைச் சிகிச்சை செய்தபோது என் நோட்டில் இருந்த பெரிய தொகை மருந்துக்கானது அல்ல, ஆட்டோவுக்கானது. ஒரு பொட்டைநாய் வருடத்துக்கு இரண்டு ஈத்து ஈனும் என்பதும், அந்தக் குட்டிகள் எந்தச் சாக்கில் போகும் என்பதும் தெரிந்த ஊரில், அந்த ஆட்டோக் காசு இல்லாததுதான் சந்தைக்குப் பின்னால் கிடக்கும் சாக்காகிறது.

2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் வருகிறது. எனக்கு இல்லை, பின்தெரு அக்காவுக்கு. பெயரிலேயே உரிமை இருக்கிறது. ஆனால் அந்த ஆயிரத்தைப்போல் ஊர் கூடிக் கணக்குக் கேட்கும் பணத்தை நான் பார்த்ததில்லை. செவலைக்குக் காலில் புண் வந்து சீழ் பிடித்தபோது அக்கா அதில் முந்நூறு ரூபாயை ஊசி மருந்துக்குக் கொடுத்தார். டீக்கடையில் பேச்சு: "கவர்மெண்டு குடும்பத்துக்குக் குடுத்த காசு, நாய்க்குப் போகுது." பேசியவர்களில் இரண்டு பேர் சல்லிக்கட்டுக் கமிட்டியில் இருப்பவர்கள். அக்கா காதில் விழுந்தும் விழாததுபோல் போய்விட்டார். நான் நின்று, அவர் வீட்டுக்காரர் டாஸ்மாக்கில் கட்டுவது எந்தக் கவர்மெண்டுக் காசு என்று கேட்டேன். "டீச்சர், நீங்க படிச்சவங்க, இதுலெல்லாம் தலையிடலாமா" என்றார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் நோட்டு நான்தான் எழுதுகிறேன். இரண்டு வருடமாகக் காளைக்கு ஒரு பக்கம், பூச்சிக்கு ஒரு பக்கம், சிகரெட்டுக்கு ஒரு பக்கம், என் மாத்திரைக்கு ஒரு பக்கம். முதல் மாதம் கொழுந்தன் ஒரு வாரம் பேசவில்லை. மாமியார்தான் காளைப் பக்கத்தை எடுத்து, தனக்கு எழுதத் தெரியாது என்பதால் என்னை எழுதச் சொல்லி, காலை நாலரை, மாலை ஐந்து என்று தன் வேலை நேரத்தையும் சேர்க்கச் சொன்னார். அதற்கு என்ன ரூபாய் போடுவது என்று கேட்டேன். "தோட்டத்துல என்ன குடுக்காகளோ அதப் போடு" என்றார். போட்டேன். அந்த மாதம் காளைப் பக்கத்தின் கூட்டுத்தொகையைக் கணவர் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார்.

ஜூலை 6 விலங்கியல் நோய்கள் தினம். கால்நடை மருந்தகத்தில் நாய்களுக்கு இலவச வெறிநோய்த் தடுப்பூசி போடுவார்கள். போன முறை நானும் பின்தெரு அக்காவும் ஒன்றாகப் போனோம். சங்கிலி போட்ட நாய்கள் முன்னால், சேலைக் கிழிசலிலும் கொடிக்கயிற்றிலும் கட்டிய நாய்கள் பின்னால் என்று வரிசை தானாகவே பிரிந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் முக்கால்வாசிப் பேர் பெண்கள். மேசையில் இருந்தவர் அட்டையில் எழுதிக்கொண்டே "ஓனர் பேரு" என்று கேட்டார். எனக்கு முன்னால் நின்ற பெண் கணவர் பெயரைச் சொன்னார். நான் என் பெயரைச் சொன்னேன். அக்கா முறை வந்தபோது அவரும் தன் பெயரைச் சொன்னார். "வீட்டுக்காரர் பேரு சொல்லும்மா" என்றார் மேசைக்காரர். செவலை அதற்குள் அவர் காலை மோந்துபார்க்கத் தொடங்கியிருந்தது.

"அவருக்கு இது கடிச்ச நாயி சார்" என்றார் அக்கா. "எனக்குத்தேன் வளத்த நாயி."